இஜெனில் டாக்சி ஏறியது தப்பா?

போன மாதம் நாங்கள் நாலு பேர் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் இஜென் எரிமலை ஏறிவிட்டு வந்தோம். படங்களைப் போட்டதிலிருந்து எல்லாரும் நீலத் தீயைப் பற்றியே கேட்கிறீர்கள். கூட்டாளி குணாவைத் தள்ளுவண்டியில் (அங்கே அதற்கு 'டாக்சி' என்று பெயர்) உட்காரவைத்து ஆட்கள் இழுத்துப்போகும் படத்துக்கு மட்டும் திட்டு. "மனுஷனை மாடு மாதிரி இழுக்க வைக்கிறீங்களே, வெட்கமா இல்லையா?" என்று அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குத்தான் இந்தப் பதிவு.

நம்மூர் சிங்கப்பூரில் ஆக உயரமான புக்கித் தீமா உச்சியே 163 மீட்டர்தான். அதை வாராவாரம் ஏறி இறங்கினோம், அடுக்குமாடி புளோக் படிக்கட்டில் பையைச் சுமந்துகொண்டு பழகினோம். இஜெனில் பாதை தொடங்கும் பால்துடிங்கிலிருந்து எரிமலைவாயின் விளிம்பு வரை 3 கிலோமீட்டர் பாதை, ஏறக்குறைய 500 மீட்டர் ஏற்றம். அதாவது மூன்று புக்கித் தீமா, அதுவும் நடுராத்திரிக்கு மேல், குளிரில். முதல் புக்கித் தீமா உயரத்திலேயே குணாவின் முழங்கால் மக்கர் செய்துவிட்டது. பின்னாலேயே "டாக்சி, டாக்சி" என்று ஒரு வண்டி வந்தது, ஏறிக்கொண்டான். எனக்குச் சரியான எரிச்சல்.

நீலத் தீ அழகுதான். பூமிக்குள்ளிருந்து கொதித்து வரும் கந்தக வாயு காற்றுப்பட்டதும் பற்றிக்கொள்கிறது, இருட்டில்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இணையப் படங்களை நம்பிப் போகாதீர்கள். நாங்கள் பார்த்தது கொஞ்சம் பெரிய காஸ் அடுப்பு. புகை நம் பக்கம் திரும்பினால் வாடகை முகமூடிக்குள்ளும் தொண்டை எரிகிறது.

எரிமலைவாய்ப் பள்ளத்துக்குள் இறங்கும்போது எதிரே ஒருவர் ஏறி வந்தார். தோளில் மூங்கில் தண்டு, இரண்டு முனையிலும் கூடை, கூடை நிறைய மஞ்சள் கந்தகக் கட்டி. முகமூடி கிடையாது, ஈரத்துணியைப் பல்லில் கடித்திருந்தார். ஒவ்வொரு அடிக்கும் தண்டு கிரீச்சிட்டது. அது அழுந்தும் இடத்தில் தோள் கொழுக்கட்டை மாதிரிப் புடைத்துக் காய்த்திருந்தது. காவடியின் பழைய உருவமே இதுதானே! இடும்பன் இரண்டு மலையைத் தூக்கி வந்ததுதான் ஞாபகம் வந்தது. தைப்பூசத்தில் காவடி வந்தால் ஒதுங்கி வழிவிடுவோம், தண்ணீர்ப் பந்தல் போடுவோம். இங்கே அவர் கால் வைக்க வேண்டிய கல்லில் நின்று ஒரு கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அதில் என் கூட்டாளிகள் இரண்டு பேர். நானும் ஒன்று எடுத்தேன்.

விளிம்பில் சுமையை இறக்கிவிட்டுச் சிகரெட் பற்றவைத்தவரிடம் எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், பேச்சுக் கொடுத்தேன். "பாக் (ஐயா), எத்தனை கிலோ?" எழுபத்தைந்தாம். என்னைவிட மூன்று கிலோ கூட. கிலோவுக்கு ஆயிரத்துச் சொச்சம் ருப்பியா என்றார். நம் காசில் ஒரு சுமைக்கு ஏழு வெள்ளி தேறலாம். ரப்பர் பதப்படுத்தவும் சீனி வெளுக்கவும் இந்தக் கந்தகம் போகிறது. டாக்சி இழுப்பதைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். குணாவின் வண்டிக்கு நாங்கள் கொடுத்தது 800,000 ருப்பியா. அதை இழுக்கும் மூன்று பேர் பங்கு போட்டாலும் ஆளுக்கு மூன்று சுமைக்கு மேல் வருகிறது, புகையும் இல்லை. "நாளைக்கு டாக்சி இழுக்க என் முறை" என்றார்.

அக்கா, நீங்கள் கேட்டதை மலையிலேயே நான் குணாவிடம் கேட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்: கால் முடியாதவர்கள் தாராளமாக டாக்சி எடுங்கள், பேரம் பேசாதீர்கள். மனிதனை மனிதன் இழுப்பது நல்ல பிழைப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம் மனசு சங்கடப்படக்கூடாது என்பதற்காக அவர் மறுபடி பள்ளத்துக்குள் இறங்க வேண்டுமா? சுமையோடு ஒருவர் வந்தால் பாதையை விட்டு ஒதுங்குங்கள். அவர்கள் கந்தகத்தில் வார்த்து விற்கும் ஆமை பொம்மையை வாங்குங்கள். என் கூட்டாளி ஒருவன் அதற்கும் பாதி விலை கேட்டான், தேக்கா சந்தை என்று நினைப்பு. விமானத்தில் விடமாட்டார்கள் என்று வழிகாட்டி சொன்னதால் என் ஆமையை விற்றவரிடமே விட்டு வந்தேன்.

அப்புறம், எந்த எரிமலைக்கும் போகுமுன் எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். 2023 டிசம்பரில் சுமத்ராவின் மராப்பி வெடித்து மலையேறப் போன 24 பேர் இறந்தார்கள். அன்றைக்கு அது நான்கு எச்சரிக்கை நிலைகளில் இரண்டாவதில்தான் இருந்தது.

குணாவின் முழங்கால் இப்போது தேவலை. அடுத்த வருஷம் புரோமோ எரிமலை என்கிறான். அங்கே குதிரை கிடைக்குமாம்.