டார்ஷன் பார் போல்டைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகாது

அண்ணே, தோட்டத்துக்கு ஓடும் பழைய ஹைலக்ஸ் பிக்அப்புக்கு “டார்ஷன் பார் போல்டை முறுக்கினால் போதும், முன்பக்கம் 3 அங்குலம் ஏறும், ஸ்பிரிங்கும் கடினமாகும்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறும், சரி. கடினமாகாது. டார்ஷன் பார் என்பது முறுக்கிக்கொடுத்து முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புக் கம்பி. அந்தப் போல்ட் உயரத்தைத்தான் மாற்றும். விறைப்பு பாரின் நீளத்தையும் விட்டத்தையும் பொறுத்தது. விட்டம் 10 சதவீதம் கூடினாலே விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். முன்னால் வின்ச் (வண்டியை இழுக்கும் கம்பிவடச் சுருள்), இரும்புப் பம்பர் மாட்டியவர்களுக்குத் தேவை தடித்த பார்.

அப்புறம் உயரம் ஏற்றிய வண்டி கல்லு மாதிரி குதிப்பது ஏன்? சக்கரம் கீழே இறங்க இடம் இல்லை, சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்ம் ஸ்டாப் ரப்பரில் போய் உட்கார்ந்துவிடுகிறது. நம் சுங்கை சிப்புட் பக்கச் செம்பனைக் காட்டில் கான் (வடிகால்) தாண்டும்போது ‘டக்’கென்று கேட்பது அதுதான். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் கோணமும் கூடும். அதன் ஜாயின்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்து செம்மண் சேறு புகுந்தால் ஜாயின்ட் போச்சு.

ஒன்று, ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்தி, கையோடு சக்கர அலைன்மென்ட் பாருங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் முன் டிஃபரன்ஷியலையும் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கீழே இறக்கும் கிட் வேண்டும், செலவு பார்த்துக்கொள்ளுங்கள். முறுக்கும்போது ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடித்த போல்டின் மரை கழன்றுவிடும்.