பின்மூடியைத் திறக்காமலே தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமை நம் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வந்தவர்கள் பார்த்தீர்கள், வராதவர்களுக்கு அன்று இரவே சேதி போய்விட்டது. பெரியவர் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த ஐ.டபிள்யூ.சி. மார்க் 10 என்ற பழைய ராணுவக் கைக்கடிகாரத்தை நம் நிபுணர் வாங்கினார், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார், "டூப்ளிகேட்" என்று திருப்பிக் கொடுத்தார். பத்து விநாடி இருக்குமா? மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்.

நான் கேட்பது ஒன்றுதான். பின்மூடியைத் திறந்து பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. டயலில் வட்டத்துக்குள் 'டி' இருக்கிறது, 1945-இல் அது கிடையாது. சரி, கிடையாதுதான். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அப்போது பன்னிரண்டு நிறுவனங்கள் செய்துகொடுத்த டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. (வாட்ச், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப்) கடிகாரங்கள், மார்க் 10-உம் அதில் ஒன்று, இருட்டில் ஒளிரும் ரேடியம் பூச்சோடுதான் வந்தன. ரேடியம் ஆபத்து என்று தெரிந்த பிறகு, ராணுவமே பல கடிகாரங்களின் டயலைக் கழற்றிவிட்டு டிரிட்டியம் பூசிய டயலை மாட்டியது. அந்த 'டி' டிரிட்டியத்தின் 'டி'. மாற்றியது ராணுவம் ஐயா, கள்ளச்சந்தை இல்லை!

இரண்டாவது காரணம் இன்னும் அழகு. இருட்டில் ஒளிரவில்லையாம். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. அறுபதுகளில் பூசியது இன்றைக்குப் பளிச்சென்று ஒளிர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ரேடியத்துக்கு 1,600 ஆண்டு என்றாலும், அதோடு கலந்த, ஒளியைத் தருகிற துத்தநாக சல்பைடு சில பத்தாண்டுகளிலேயே செத்துவிடும். கதிர்வீச்சுமானியை வைத்தால் டிக் டிக் என்று கேட்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆக, அசலுக்கான அடையாளத்தையே குற்றமாக எழுதிவிட்டார்.

மார்க் 10-இன் பின்மூடி அழுத்தி மூடுகிற வகை. திருகுகூட இல்லை, சின்னக் கத்தியால் நெம்பினால் போதும். உள்ளே ஐ.டபிள்யூ.சி.யின் காலிபர் 83 இயந்திரம் இருக்கிறதா, அதன் எண் அந்தக் காலத்தோடு பொருந்துகிறதா, வெளியே பிரிட்டிஷ் அரசு உடைமை என்று காட்டும் அகன்ற அம்புக்குறி ஆழமாக விழுந்திருக்கிறதா, இல்லை நேற்று லேசரில் கீறியதா? இதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா?

"அனுபவசாலிக்குக் கண்ணே போதும்" என்பீர்கள். அந்தக் கண்ணை நம்பி ஏமாந்தவன் நான். பல வருடங்களுக்கு முன் இதே ராணுவ வரிசையில் வேறொரு கடிகாரம் வாங்கினேன். கூட வந்த அனுபவசாலி ஒரே பார்வையில் "ஒரிஜினல், கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்றார். மூடிக்கொண்டுதான் வாங்கினேன். வீட்டில் லென்ஸை மாட்டிப் பார்த்தால் எண்களின் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது, புது அச்சு. பழுப்பேறிய பூச்சு என்று நான் ரசித்தது சாயம். புற ஊதா விளக்கை அணைத்த பிறகும் பூச்சு அணையாமல் ஒளிர்ந்தது. இன்னும் அந்தப் பெட்டியைத் திறக்க மனசு வருவதில்லை.

"அப்போ உள்ளே இயந்திரம் சரியாகத்தானே இருந்தது? மூடியைத் திறந்து என்ன கண்டாய்?" என்று ஒருவர் கேட்பார், யாரென்று எனக்குத் தெரியும். ஆமாம், இயந்திரம் சரிதான். அதற்காகத் திறக்கவே வேண்டாமா? திறந்தால் கடிகாரம் கெட்டுவிடும் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

பெரியவரின் கடிகாரத்தை அசல் என்று நான் சாதிக்கவில்லை. டூப்ளிகேட்டாகவே இருக்கட்டும். ஆனால் முப்பது வருடம் வைத்திருந்த பொருளை ஒருவர் முகத்துக்கு நேரே அப்படியா சொல்வது, அதுவும் நாலு பேர் சிரிக்கிற மாதிரி? பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கைக்குட்டையை விரித்தார், நாலு மூலையையும் மடித்தார், முடிச்சுப் போட்டார். முடிச்சு சரியாக விழவில்லை, இரண்டாம் தடவை போட்டார்.

இவ்வளவு எழுதுகிற நானும் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

நாளை அவர் வீட்டுக்குப் போகிறேன். லென்ஸும் கத்தியும் பையில் எடுத்து வைத்தாயிற்று.