ஐலரான் இல்லன்னா அது அரைகுறை விமானம் இல்லீங்க

மேல ஒருத்தர், இறக்கைல ஐலரான் (விமானத்த சாய்க்க இறக்கையோட பின் விளிம்புல அசையுற மடல்) இல்லாத பழைய ஆர்சி விமானம் (ரேடியோல ஓட்டுற மாடல் விமானம்) கெடச்சா அது யாரோ பாதில விட்டது, இறக்கைய வெட்டி ஐலரான் வெச்சுட்டு பறக்க விடுங்கன்னு சொல்லியிருக்காரு, தயவுசெஞ்சு யாரும் அப்படி பண்ணிடாதீங்க. 1950கள், 60கள்ல நெறய விமானம் ஒரே சேனல்தான், அதாவது ரேடியோல ஒரே ஒரு கட்டுப்பாடுதான், ரடர் (வால்ல நிமிந்து நிக்கிற, மூக்க இடது வலது திருப்புற பலகை) மட்டும்தான் திரும்பும், வேற எதுவும் கெடயாது.

பாடிக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க. வால் பக்கம் ஒரு சின்ன கம்பி கொக்கி, அங்கேருந்து முன்னாடி வரைக்கும் ரப்பர் பேண்ட் போன தடம், ரடருக்கு போற மெல்லிசு கம்பி இருந்தா அது எஸ்கேப்மென்ட் (ரப்பரோட முறுக்க கொஞ்சம் கொஞ்சமா விடுற சின்ன பூட்டு) வெச்ச விமானம். முறுக்கின ரப்பர்தான் ரடர தள்ளும், ரேடியோ அத விடுவிக்க மட்டும்தான். பெரும்பாலும் கைல இருக்குற ரேடியோ பட்டன ஒரு தடவ அமுக்கி புடிச்சா வலது, ரெண்டு தடவ அமுக்கி புடிச்சா இடது, விட்டா நடுவுக்கு வந்துடும்.

இறக்கை நுனி ரெண்டும் நல்லா மேல தூக்கி இருக்கும் பாருங்க, அந்த தூக்கலுக்கு பேரு டைஹெட்ரல், அதுதான் ஐலரான் வேலைய பாக்குது. ரடர் மூக்க இடது பக்கம் திருப்புனா வலது இறக்கை முன்னாடி வரும், அதுக்கு லிஃப்ட் (மேல தூக்குற விசை) கூடும், விமானம் தானா இடதுக்கு சாயும். இவ்ளோ டைஹெட்ரல்ல ஐலரான் வெச்சா சரியாவும் வேலை செய்யாது, 60 வருஷத்து பால்சா (லேசான மரம்) இறக்கையும் போச்சு.

பறக்கணும்னா ரடருக்கு ஒரு சின்ன சர்வோ (அத அசைக்கிற குட்டி மோட்டார்), 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் போதும். மூக்க மேல கீழ ஆக்குற எலிவேட்டர் இல்லாததால மொதல்ல இன்ஜின் ஓடாம, உயரமான புல்லு மேல கையால விட்டு க்ளைட் (இன்ஜின் இல்லாம மிதந்து எறங்குறது) சரியா வருதான்னு பாத்துக்கோங்க, மூக்கு தூக்கி தூக்கி விழுந்தா முன்னாடி கொஞ்சம் வெயிட் வையுங்க.