படிச்சாச்சா?

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரைத் திருவிழா முடிந்த வாரம். மதுரை யானைக்கல் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தேன். எதிரே பைக்கில் வந்த நண்பன் என்னைப் பார்த்ததும் சட்டென்று வண்டியை ஒரு சந்துக்குள் விட்டான். கடன் வாங்கியவன் செய்கிற வேலை. ஆனால் என்னிடம் அவன் வாங்கியிருந்தது காசு இல்லை, ஒரு புத்தகம். அதையும் அவன் கேட்கவில்லை, நானாகக் கையில் திணித்தது.

அவன் செல்லூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். நான் திணித்தது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. அந்தச் சமயத்தில் அந்த நாவல் பித்துப் பிடித்து அலைந்துகொண்டிருந்தேன். சிங்கம்புணரியில் பிறந்த மனுஷன், 1938இல் பதினெட்டு வயதில் பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடானுக்குக் கப்பலேறி, போர் முடிந்து ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்து, ஒய்எம்சிஏ விடுதியில் வருஷக்கணக்காகத் தனியாகவே தங்கியிருந்து, 1997இல் செத்துப்போனார். எழுதியது இரண்டே நாவல். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது அவர் இதே ஊரில் எங்கோ டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மேடானில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கிற பக்கங்கள் அதில் வரும். அதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? ஆறு பிரதி வாங்கி ஆறு பேரிடம் கொடுத்தேன்.

கொடுத்ததோடு விட்டிருக்கலாம். வசூலுக்குப் போனேன்.

“படிச்சாச்சா?” “எது வரைக்கும் வந்திருக்க?” “அந்த இடம் வந்துருச்சா?” பார்க்கும்போதெல்லாம் இதே கேள்வி. வாட்ஸ்அப்பிலும் இதே கேள்வி. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போதும் இதே கேள்வி. இதற்கும் மீட்டர் வட்டிக்கும் என்ன பெரிய வித்தியாசம்? அங்கே பணத்தை வாங்கியவன் ஒளிகிறான், இங்கே புத்தகத்தை வாங்கியவன். ஆறு பேரில் மூன்று பேர் படிக்காமலே “சூப்பர் மாப்ள” என்று சொல்லித் தப்பித்தார்கள். செல்லூர்க்காரனுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் சந்துக்குள் போனான்.

அப்புறம் ஒருநாள் கடையில் வைத்துப் பிடித்துக் கேட்டேன். வார்னிஷ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்: “மாப்ள, நீ புஸ்தகம் குடுக்கல. பரிட்சை வச்ச.”

எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் இந்த வியாதி எனக்குப் பழையது. என் பெரியம்மா மாத நாவல் விடாமல் படிப்பவர். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும் கையில் ஒன்று இருக்கும். அவரைத் ‘திருத்த’ வேண்டும் என்று காலேஜ் படிக்கும்போது நல்ல நாவல்களாகத் தேடித்தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நாலாவதோ ஐந்தாவதோ கொடுத்தபோது சொன்னார்: “நீ குடுக்குற புஸ்தகத்துல கடேசில எல்லாரும் செத்துப் போறாங்களேடா, எனக்கு எதுக்குடா இது?” அந்த வயதில் வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று இப்போதுதான் உறைக்கிறது. என் வாசிப்பில் அவர் பங்குபோட வேண்டும் என்று நினைத்தேனே தவிர, அவர் கையில் இருந்த நாவலில் என்ன கதை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

புத்தகத் திருவிழா நெருங்கினால் முகநூலில் பட்டியல்கள் இறங்குமே, அதுவும் இதே வியாதிதான். ‘வாழ்நாளில் தவறவிடக்கூடாத நூறு நூல்கள்.’ நானும் போட்டிருக்கிறேன், லைக்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் தமுக்கத்தில் பத்து சதவீதக் கழிவில் ரெண்டு பை நிறைய வாங்கிப்போன எவனும் என் பட்டியலால் படித்ததாக வந்து சொன்னது கிடையாது. அது நண்பர்களுக்காகப் போடுவது இல்லை. நாம் எவ்வளவு படித்திருக்கிறோம் என்று ஊருக்குக் காட்டப் போடுவது. கசப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதுதான்.

சரி, செல்லூர்க் கதைக்கு வருகிறேன்.

கொஞ்ச மாசம் கழித்து எங்கள் வீட்டு போர் மோட்டார் எரிந்துபோனது. தூக்கிக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். பழைய காயிலை அறுத்து எடுக்கவே நேரமாகும் என்றான். கையில் இருந்த ‘வாடிவாசல்’ புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சி.சு. செல்லப்பா எழுதியது, நூறு பக்கம்கூட இருக்காது. நடுவில் ஒரு போன் வந்து, புத்தகத்தை அவன் மேசையிலேயே மறந்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். சத்தியமாக மறந்ததுதான்.

மறுநாள் ராத்திரி பத்தரைக்குப் போன் செய்தான். மோட்டாரைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறான் என்று எடுத்தால், “மாப்ள, யார்றா இந்தாளு? மாடு பிடிச்சவரா?” என்றான்.

அவன் பாலமேட்டுக்காரன். பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கிற மூன்று நாளும் கடை பூட்டியிருக்கும். அவன் சித்தப்பா வீட்டில் காளை வளர்த்தவர்கள். தன் அப்பனைக் குத்திக் கொன்ற காரிக்காளையைப் பிடிக்கப் பிச்சி என்கிறவன் வந்து நிற்கிற அந்த நாவலின் கதையை அவனிடம் நான் விளக்க வேண்டியதே இல்லை. அவன்தான் எனக்கு விளக்கினான், முக்கால் மணி நேரம். “வாடியை விட்டு வெளிய வந்ததும் தலைதெறிக்க ஓடுற மாட்டை விட்டுரு. நின்னு பாக்குது பாரு, அதுதான் ஆபத்து. யார் கை எங்கிட்டு வருதுன்னு அது கணக்குப் போடுது.” திமிலில் கை விழுகிற நொடியில் கால் எங்கே இருக்க வேண்டும், கொம்பு திரும்பினால் உடம்பை எந்தப் பக்கம் ஒட்டவேண்டும் என்று போனிலேயே பாடம் எடுத்தான். மூன்று தடவை படித்த நாவல் அது. மறுபடி எடுத்துப் படித்தபோது, நான் வேகமாகத் தாண்டிப்போன வரிகளெல்லாம் நின்று பார்த்தன.

செல்லப்பா வத்தலக்குண்டுக்காரர் என்றேன். “அப்ப நம்ம பக்கம்” என்றான். அப்போது அது மதுரை மாவட்டம்தான், திண்டுக்கல் தனியாகப் பிரிந்தது 1985இல். 1959இல் ‘எழுத்து’ பத்திரிகை தொடங்கியதையும், தான் பதிப்பித்த புத்தகங்களை மூட்டை கட்டித் தானே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “வித்துச்சா?” என்று மட்டும் கேட்டான்.

அதற்கப்புறம் அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை புது நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். 2023 ஜூலையில் திறந்தது. ஏசியும் கண்ணாடியுமாக அமர்க்களமாக இருக்கும். நான் குறை சொல்ல மாட்டேன், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படி ஓர் இடம் நம் ஊரில் முன்னால் கிடையாது. ஆனால் உள்ளே பேச முடியாதே. ஒரு மாடி பார்ப்பதற்குள் எங்கள் ரெண்டு பேருக்கும் வாய் அரித்தது. வெளியே வந்து டீக்கடையில் நின்று பேசிய ஒரு மணி நேரம்தான் எனக்கு அன்றைய நூலகம்.

‘புயலிலே ஒரு தோணி’யை நான் திருப்பிக் கேட்கவில்லை. அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை என்று சபதம். நாக்கைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். கடை மேசையில் பில் புத்தகத்துக்கு அடியில் அது கிடக்கும். உள்ளே அடையாளத்துக்கு ஒரு செம்புக் கம்பித் துண்டு. ஐந்தாறு மாசம் அந்தக் கம்பி ஆரம்பத்திலேயே, ஒரே இடத்தில் நின்றது.

போன வாரம் போனேன். கம்பி பாதியைத் தாண்டியிருந்தது. அட்டையில் வார்னிஷ் கட்டைவிரல் ரேகை. நான் பார்க்காதது மாதிரி ரெண்டு டீ சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். மின்வெட்டைப் பற்றிப் பேசினோம். அவன் மகனின் அட்மிஷனைப் பற்றிப் பேசினோம். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவனாகக் கேட்டான்.

“ஏன் மாப்ள, இந்த மேடான்ங்கிறது எங்கிட்டு இருக்கு?”

சுமத்ராவில் என்றேன். பாதி கட்டிய காயிலை அப்படியே ஓரமாக நகர்த்திவிட்டு, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, போனில் மேப்பைத் திறந்தான்.