டூல்பாரில் ஒரு பட்டன் சேர்ப்பதற்கு முன் டேட்டாபேஸைப் பாருங்கள்

"வெறும் டெக்ஸ்ட்ஏரியாவா இருக்கு. போல்டு, லிஸ்ட், படம் எல்லாம் போடற மாதிரி மாத்திக் குடுத்துடுங்க." ரிச் டெக்ஸ்ட் எடிட்டர் கேட்டு இப்படி ஒரு கோரிக்கை வரும், டிக்கெட்டில் அரை நாள் என்று எழுதுவார்கள். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் கிடங்கான என்பிஎம்மில் ஒரு பேக்கேஜ் இறக்கிப் பத்து வரி கோடு எழுதினால் டூல்பார் வந்துவிடும், டெமோவும் பிரமாதமாகப் போகும்.

தேதி தேர்வு செய்யும் கம்போனென்டை நாளைக்கே தூக்கிவிட்டு வேறொன்றை வைக்கலாம். சேமித்த தேதிக்கு ஒன்றும் ஆகாது. ரிச் டெக்ஸ்ட் எடிட்டர் அந்த ரகமில்லை. ஒவ்வொரு எடிட்டரும் தனக்கே உரிய வடிவத்தில் எழுதிவைத்துவிட்டுப் போகும். இரண்டு வருடம் கழித்து எடிட்டரை மாற்ற நினைக்கும்போது ஆயிரக்கணக்கான பதிவுகள் பழைய எடிட்டரின் பழக்கவழக்கங்களோடு உட்கார்ந்திருக்கும். அதனால் என் கருத்து இதுதான்: எந்த எடிட்டர் என்று கேட்பதற்கு முன், டேட்டாபேஸில் எந்த வடிவம் நிற்கப் போகிறது என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலான டீம்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கின்றன.

ஓர் உதாரணம். குவில் எடிட்டரின் 2ஆம் பதிப்பு, புள்ளிப் பட்டியலையும், எண் பட்டியலுக்கான 'ஓஎல்' டேகுக்குள்தான் வைக்கிறது. புள்ளியா எண்ணா என்பதை பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் உரிய 'எல்ஐ' டேகிலும் உள்ள 'டேட்டா-லிஸ்ட்' அட்ரிபியூட் சொல்லும். எடிட்டருக்குள் குவிலின் சிஎஸ்எஸ் (தோற்றத்துக்கான விதிகள்) இருப்பதால் புள்ளியாகவே தெரியும். அதே எச்டிஎம்எல்லை மின்னஞ்சலில் அனுப்பினாலோ சிஎஸ்எஸ் இல்லாத பக்கத்தில் காட்டினாலோ 1, 2, 3 என்று எண்கள் வந்து நிற்கும். சர்வரில் அனுமதிக்காத டேகுகளையும் அட்ரிபியூட்களையும் நீக்கிச் சுத்திகரிக்கும் லைப்ரரி அந்த அட்ரிபியூட்டை வெட்டிவிட்டால் இன்னும் மோசம்: புள்ளி என்ற தகவலே அழிந்துபோகும், திரும்ப எடிட்டரில் திறந்தாலும் எண்தான். வெளியே கொடுக்க வேண்டிய எச்டிஎம்எல்லை எடிட்டரின் உள் எச்டிஎம்எல்லிலிருந்து நேராக உருவக்கூடாது. அதற்கென்றே 'கெட்செமான்டிக்எச்டிஎம்எல்' என்ற ஃபங்ஷனை அவர்களே கொடுத்திருக்கிறார்கள்.

சேமிக்கும் வடிவத்துக்கு வருவோம். எழுதியதை ஒரு வெப் பக்கத்தில் மட்டும் காட்டப் போகிறீர்கள் என்றால் எச்டிஎம்எல் போதும். ஆனால் குறுகிய எச்டிஎம்எல்: பத்தி, போல்டு, இட்டாலிக், இரண்டு அளவில் தலைப்பு, இரு வகைப் பட்டியல், மேற்கோள், லிங்க், படம். அதே உள்ளடக்கம் மொபைல் ஆப், பிடிஎஃப், மின்னஞ்சல் என்று பல இடங்களுக்குப் போகும் என்றாலோ, ஒரே ஆவணத்தைப் பலர் சேர்ந்து திருத்த வேண்டும் என்றாலோ புரோஸ்மிரர், டிப்டேப், லெக்ஸிக்கல் போன்ற எடிட்டர்கள் தரும் ஜேசனைச் (ஆவணத்தின் அமைப்பைத் தரவாக எழுதும் வடிவம்) சேமியுங்கள். அப்போது தேடலுக்கென்று வெறும் எழுத்தை மட்டும் டேபிளின் தனி நெடுவரிசையில் வைக்க மறக்காதீர்கள். ஜேசனுக்குள் எஸ்க்யூஎல்லின் 'லைக்' போட்டுத் தேடினால் பாதி வார்த்தை போல்டாக இருக்கும் இடத்தில் சொல் இரண்டாக உடைந்து கிடைக்காமல் போகும்.

டூல்பார் இந்த முடிவிலிருந்துதான் பிறக்க வேண்டும். அனுமதித்த டேகுகளின் பட்டியல் எதுவோ அதுவே பட்டன்களின் பட்டியல். எழுத்து நிறம், எழுத்துரு, எழுத்தளவு மூன்றையும் நான் வைக்கவே மாட்டேன். அவற்றைக் கொடுத்த பிறகு டார்க் மோடு கொண்டுவந்து பாருங்கள், கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து! பட்டனை எடுத்தால் மட்டும் போதாது. கன்ட்ரோல்-பி போன்ற குறுக்குவிசைகளும் பேஸ்டும் டூல்பாரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. எடிட்டரின் ஸ்கீமாவிலேயே (என்னென்ன வடிவங்கள் இருக்கலாம் என்ற வரையறை) அந்த வடிவத்தை நீக்க வேண்டும்.

பாதுகாப்பில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான். "எடிட்டரே ஸ்கிரிப்ட் டேகை எடுத்துவிடுகிறதே" என்பார்கள். தாக்குபவர் உங்கள் எடிட்டரைத் திறப்பதே இல்லை. சர்வர் தரவை வாங்கும் ஏபிஐக்கு நேராக அனுப்புவார். இல்லாத ஒரு படம், அதில் படம் கிடைக்காதபோது ஓடும் 'ஆன்எரர்' அட்ரிபியூட்டில் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட், அவ்வளவுதான் தேவை. பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவரின் பிரவுசரிலும் அது ஓடும். சுத்திகரிப்பு சர்வரில் நடக்க வேண்டும்: நோடில் சானிடைஸ்-எச்டிஎம்எல், பிஎச்பியில் எச்டிஎம்எல் பியூரிஃபையர், பைத்தானில் என்எச்3. லிங்குகளில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், மெயில்டூ தவிர வேறு எதையும் அனுமதிக்காதீர்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதி நாமே வடிகட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், போய்விடும்.

பேஸ்ட் தனி உலகம். வேர்டிலிருந்து ஒட்டும்போது பட்டியல் பட்டியலாக வராது. 'எம்எஸ்ஓ-லிஸ்ட்' என்ற ஸ்டைல் ஒட்டிய சாதாரணப் பத்திகளாகவே வரும். கூகுள் டாக்ஸ் இன்னும் வேடிக்கை: ஒட்டும் முழுவதையும் ஒரு 'பி' போல்டு டேகுக்குள் சுற்றி, அதற்கு 'போல்டு வேண்டாம்' என்று ஒரு ஸ்டைலையும் வைத்து அனுப்பும். ஸ்டைலை நீக்கி டேகை வைத்துக்கொள்ளும் சுத்திகரிப்பில் கட்டுரை முழுவதும் போல்டாகிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழை ஒட்டினால், எழுத்துரு போன கணமே உள்ளிருக்கும் ஆங்கில எழுத்துகள் பல்லிளிக்கும். எடிட்டர் உடைந்துவிட்டது என்று புகார் வரும். அதற்கு மருந்து யூனிகோடு மாற்றிதான், எடிட்டரில் தேடிப் பயனில்லை. இந்த மூன்றையும் ஒட்டிப் பார்க்காமல் வெளியிடாதீர்கள்.

படங்கள். பல எடிட்டர்கள், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், படத்தை பேஸ்64 (பைட்களை எழுத்துகளாக்கும் முறை) ஆக்கி எழுத்துக்குள்ளேயே திணித்துவிடும். 3 பைட் 4 எழுத்தாகும், அதாவது 3 எம்பி படம் 4 எம்பி. எக்ஸ்பிரஸின் ஜேசன் பார்சர் இயல்பாக 100 கேபியோடு நிறுத்திவிடும்; என்ஜினெக்ஸ் 1 எம்பிக்கு மேல் 413 பிழையைத் (அளவு மிகப் பெரிது) திருப்பும். வரம்பை உயர்த்தினால் அடுத்த சுவர் மைஎஸ்க்யூஎல்லின் டெக்ஸ்ட் வகை நெடுவரிசை, 65,535 பைட். மைஎஸ்க்யூஎல்லின் ஸ்ட்ரிக்ட் மோடு அணைந்திருந்தால் மிச்சத்தை வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு சேமித்துவிடும், மூடும் டேகுகளும் போய்ப் பக்கத்தின் அமைப்பே சரியும். படம் இல்லாமலும் இது நடக்கும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'கொடி' என்ற இரண்டெழுத்துச் சொல்லே 4 குறியீடு, 12 பைட். டெக்ஸ்டுக்குப் பதில் அதைவிடப் பெரிய மீடியம்டெக்ஸ்ட் வையுங்கள். படத்தைத் தனியாக அப்லோடு செய்து முகவரியை மட்டும் எழுத்தில் வையுங்கள். எழுதியவர் சேமிக்காமல் போய்விட்டால் அநாதையாகக் கிடக்கும் படங்களைத் துடைக்க இரவுதோறும் தானாக ஓடும் ஒரு வேலையும் வேண்டும்.

எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பவர்கள் 'கொடி'யை நினைவில் வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் 'லெங்த்' அதற்கு 4 என்று சொல்லும். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரிக்கும் 'இன்டெல்.செக்மென்டர்' 2 என்று சரியாகச் சொல்லும்.

ரியாக்டில் இணைப்பவர்களுக்கு இரண்டு. டெவலப்மென்டின்போது ரியாக்டின் ஸ்ட்ரிக்ட் மோடில் எஃபெக்ட் இருமுறை ஓடுவதால் டூல்பார் இரண்டாகத் தெரியும். ஸ்ட்ரிக்ட் மோடை அணைப்பது தீர்வல்ல. கிளீனப்பில் வெளிச்சுற்று டிவ்வைக் காலி செய்யுங்கள். அடுத்தது, ஒவ்வொரு விசைக்கும் எச்டிஎம்எல்லை ஸ்டேட்டில் வாங்கித் திரும்ப எடிட்டருக்கே ஊட்டுவது. கர்சர் துள்ளும். தமிழ் போல ஐஎம்இ (விசைகளை எழுத்தாக இணைத்துத் தரும் நிரல்) வழியாகத் தட்டும் மொழிகளில் பாதி உருவான எழுத்து அழியும் அல்லது இரட்டிக்கும். ஆரம்ப மதிப்பை ஒருமுறை கொடுங்கள், மாற்றங்களை ஒன்றிரண்டு வினாடி இடைவெளியில் வாங்குங்கள். சோதனையை ஆண்ட்ராய்டு ஃபோனில், உண்மையான தமிழ் கீபோர்டில் செய்யுங்கள். லேப்டாப்பில் 'ஹலோ' தட்டிப் பார்த்தது சோதனையில் சேராது.

சில்லறைத் தொல்லைகள்: நீங்களே கட்டும் டூல்பார் பட்டன்களுக்கு 'டைப்' பட்டன் என்று எழுதாவிட்டால், போல்டை அழுத்தியதும் ஃபார்ம் சமர்ப்பணமாகிவிடும். காலியான குவில் எடிட்டர் பத்திக்கான 'பி' டேகுக்குள் வரி முறிக்கும் ஒரு 'பிஆர்' வைத்துக் கொடுப்பதால் கட்டாயப் புலம் என்ற சோதனையில் தேறிவிடும். டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் தொகுப்பு இருந்தால் காட்டும் பக்கத்தில் தலைப்பின் பெரிய அளவும் பட்டியல் புள்ளியும் காணாமல் போகும். அதன் அடிப்படை ரீசெட்தான் காரணம். டேப் விசையை எடிட்டரே விழுங்கிக்கொண்டால் கீபோர்டு மட்டும் பயன்படுத்துபவர் உள்ளேயே மாட்டிக்கொள்வார்.

லைசென்ஸையும் பாருங்கள். டைனிஎம்சிஇ 6ஆம் பதிப்பு எம்ஐடி (மூடிய மூலநிரலிலும் பயன்படுத்த விடும் உரிமம்), 2024இல் வந்த 7ஆம் பதிப்பு ஜிபிஎல் (சேர்த்து வெளியிடும் மென்பொருளின் மூலநிரலையும் திறக்கச் சொல்லும் உரிமம்) அல்லது கட்டண உரிமம். சிகேஎடிட்டர் 5உம் அப்படித்தான். குவில், புரோஸ்மிரர், லெக்ஸிக்கல் ஆகியவற்றில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பதிப்பெண்ணை உயர்த்தும் ஒரு வரி கமிட் உங்கள் மூடிய மூலநிரலின் சட்ட நிலையையும் மாற்றிவிடலாம், அது எந்த டெஸ்டிலும் சிவப்பாகத் தெரியாது.

இத்தனையும் படித்துவிட்டு, பயனர்கள் கேட்பது போல்டும் லிங்கும் மட்டும்தான் என்று தெரிந்தால், டெக்ஸ்ட்ஏரியாவும் மார்க்டவுனும் (நட்சத்திரம் போன்ற குறிகளால் போல்டு, லிங்க் எழுதும் எளிய முறை) ஒரு முன்னோட்டமும் வைத்துப் பாருங்கள். அதற்கு நிஜமாகவே அரை நாள் போதும், மார்க்டவுனிலிருந்து வரும் எச்டிஎம்எல்லையும் சுத்திகரிக்கும் நேரத்தைச் சேர்த்து.