பழைய மேனேஜரை குடோன் வேலைக்குச் சொல்லிவிட்ட கதை

"என்னவே, உமக்கு மேனேஜரா இருந்த மனுசனைக் கொண்டுபோயா குடோன் வேலைக்குச் சொல்லிவிட்டீரு?" பாளை மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் நண்பர் ஒருத்தர் நேராகவே கேட்டுவிட்டார். அங்கே நின்றுகொண்டு சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை, அதனால் இங்கே விலாவாரியாக எழுதுகிறேன்.

2008-இல் நான் சேல்ஸ் ரெப்பாகச் சேர்ந்தபோது அவர்தான் ஏரியா மேனேஜர். பிஸ்கட், சோப்பு, பேஸ்ட் என்று பெட்டி பெட்டியாகக் கடைகளுக்குத் தள்ளுகிற பிழைப்பு. சங்கரன்கோவில் லைனை எனக்குக் கொடுத்தபோது (அப்போது அது திருநெல்வேலி மாவட்டம், 2019-இல்தான் தென்காசி மாவட்டத்தோடு போனது) முதல் மூன்று வாரமும் என் பைக்கின் பின்சீட்டில் அவரே உட்கார்ந்து வந்தார். கடைக்குள் நுழைந்ததும் ஆர்டர் புத்தகத்தை எடுக்க விடமாட்டார். "முதல்ல கீழ்த்தட்டுல என்ன தூசி பிடிச்சுக் கிடக்குன்னு பாருல" என்பார். விற்காமல் கிடக்கிற சரக்கை எடுத்து, தேதி பார்த்து, துடைத்து, முன்னால் அடுக்கிவிட்டு, அப்புறம்தான் கடைக்கார அண்ணாச்சியிடம் பேச்சு. இன்றைக்கும் எனக்குக் கீழே வேலை பார்க்கிற பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். சத்தமும் போடுவார், அதையும் மறைக்கவில்லை. மாதக் கடைசியில் டார்கெட் குறைந்தால் பத்துப் பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவார்.

நான் வேறு கம்பெனிக்கு மாறி, இப்போது மூன்று மாவட்டம் என் பொறுப்பில். அவர் கம்பெனியில் இரண்டு ஏரியாவை ஒன்றாக்கி, 54 வயதில் அவரை ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வாட்ஸப்பில் பயோடேட்டா வந்தது, மகள் டைப் பண்ணியது போல. சாதனைகள் என்ற இடத்தில், 'சங்கரன்கோவில் லைனைப் புதிதாகத் திறந்தது'. அடப்பாவி மனுசா, அது நான் நாயாய் அலைந்து திறந்த லைன் ஆச்சே என்று சிரிப்பு வந்தது. பின்சீட்டு ஞாபகமும் வந்தது. சரி, அவர் கணக்கிலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கங்கைகொண்டான் பக்கம் இருக்கும் எங்கள் டெப்போவில் குடோன் இன்சார்ஜ் இடம் காலியாக இருந்தது. என்னைவிட மூன்று கிரேடு கீழே. அவர் வாங்கிய சம்பளத்தில் பாதிகூட வராது. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று பதினொரு நாள் ஓட்டினேன். அவர் மனசு நோகுமே, மரியாதைக்குறைவாக நினைப்பாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் என் கண்ணில் நின்ற காட்சி, நான் டெப்போவுக்குள் நுழைய அவர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பது. அதில் நெளிந்துகொண்டிருந்த ஆள் நான். அவருக்கு அங்கே என்ன தோன்றும் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் கூச்சத்துக்கு அவர் மரியாதை என்று பேர் வைத்து, பதினொரு நாள் ஒரு மனுசனைக் காக்க வைத்திருக்கிறேன்.

"இத்தனை வருசம் பார்த்தாரே, பென்சன் வருமே" என்று சிலர் சொல்கிறார்கள். பிஎஃப் பென்சன் முழுசாக வருவது 58-இல். 50-லிருந்தே வாங்கலாம், ஆனால் முந்தி வாங்குகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் பிடித்துவிடுவார்கள், 54-இல் வாங்கினால் 16 சதவீதம் போச்சு. எவ்வளவு சம்பளம் வாங்கியிருந்தாலும் நம்மில் பெரும்பாலானவர்களுக்குப் பென்சன் கணக்குக்கு எடுத்துக்கொள்கிற சம்பளம் 15 ஆயிரத்துக்கு மேல் போகாது. வருகிற நான்கு இலக்கத் தொகையில் மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட முடியுமா? அந்த வீட்டில் அந்த நாலு வருசம்தான் பிரச்சினையே.

கடைசியில் போன் போட்டு எதையும் பூசி மெழுகாமல் சொன்னேன். கிரேடு இது, சம்பளம் இது, மதுரையில் இருக்கும் முப்பத்து மூன்று வயதுப் பையனுக்குக் கீழே வேலை, நானும் அடிக்கடி வந்து போவேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார், "லோடு ஏத்துற பையங்க கம்பெனி ஆளா, காண்ட்ராக்டா? ஒரு நாளைக்கு எத்தனை வண்டி?"

சிபாரிசு எழுதும்போது, அவர் எனக்கு மேனேஜராக இருந்தவர் என்று போட்டிருந்தேன். ஹெச்ஆரில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "சார், இவர் உங்களுக்கு ஜூனியர்தானே, மாத்திப் போட்டிருக்கீங்க போல" என்றது. இல்லம்மா, சரியாகத்தான் போட்டிருக்கிறேன் என்றேன். அனுபவம் அதிகம், சீக்கிரம் ஓடிவிடுவாரே என்று சந்தேகம் வேறு. முன்னால் இருந்த இருபத்தைந்து வயதுப் பையன் நாலே மாதத்தில் சென்னைக்குப் போய்விட்டான், அவனிடம் இதை யாரும் கேட்கவில்லை.

நான் அவருக்காகச் சொன்னது ஒரே விஷயம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, அவருடைய டிஸ்ட்ரிபியூட்டர் குடோனில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த மறுநாளே இவர் போய், ஊறிப்போன பெட்டிகளை பேட்ச் நம்பர் தெரிகிற மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, நாலு நாள் அங்கேயே கிடந்து கிளெய்ம் வாங்கிக் கொடுத்தார். குடோனுக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? கூடவே, சத்தம் போடுவார், கம்ப்யூட்டரில் கொஞ்சம் மெதுவு என்பதையும் சொல்லிவிட்டேன். இன்டர்வியூவில் நான் உட்காரவில்லை.

நன்றிக்கடன் என்று சிலர் பாராட்டுகிறார்கள். அதெல்லாம் கிடையாது. எனக்கு இன்னொரு மேனேஜரும் இருந்தார், டீலருக்கே தெரியாமல் மாதக் கடைசியில் அவர் பேரில் பில் போட்டு டார்கெட் காட்டியவர். அவர் பயோடேட்டா வந்தால் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

இவர் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. நான் போனால் எழுந்திருக்கத்தான் செய்கிறார், லோடுமேன்கள் முன்னால் "வாங்க சார்" என்கிறார். முதல் தடவை காது சுட்டது, இப்போது பழகிவிட்டது. போன 31-ஆம் தேதி சாயங்காலம் ஐந்தரைக்கு, வள்ளியூர் டீலருக்கு ஒரு வண்டி அவசரமாக ஏற்றிவிடுங்கள், டார்கெட் இடிக்கிறது என்று போன் போட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை போல.

"ஏல, நாலு மணிக்கு மேல வந்த பில்லு நாளைக்குத்தான் ஏறும். போனை வை."