அட்டையைப் பிடித்திருந்த கை

'கருணைக்கொலை' என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. வாதம் தொடங்கும் முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிற சொல் அது. மூன்று வெவ்வேறு காரியங்களை ஒரே மூட்டையாகக் கட்டியும் விடுகிறது. பிழைக்க வழியே இல்லாதவருக்கு வென்டிலேட்டரை எடுத்துவிட்டு, நோயை அதன் போக்கில் விடுவது ஒன்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்தது இதைத்தான். மருத்துவரே ஊசி போட்டு உயிரை முடித்துவைப்பது இன்னொன்று. மருத்துவர் எழுதித் தரும் மருந்தை நோயாளி தானே அருந்துவது மூன்றாவது. பின்னைய இரண்டையும் சட்டமாக்கலாமா என்றுதான் பல நாடுகளில் இப்போது விவாதம் நடக்கிறது. ஆக்கலாம் என்ற பக்கத்துக்கு நான் வந்து சேர்ந்திருக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் எதிர்ப்பக்கத்தில் நின்று கோபமாகப் பேசியவன் நான்.

என் அக்காவுக்கு மோட்டார் நியூரான் நோய். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். கை போகும், கால் போகும், நாக்கு போகும், கடைசியில் மூச்சுத் தசைகளும் போகும். பெரும்பாலானவர்களுக்கு அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும். கண் கடைசிவரை அசையும். அக்காவுக்கும் அப்படித்தான்.

பேச்சு நின்ற பிறகு ஓர் அட்டை செய்தோம். 247 எழுத்துகளையும் எழுத இடம் போதாது. அதனால் மேல் வரிசையில் உயிரெழுத்து பன்னிரண்டு, கீழே மூன்று வரிசையில் மெய்யெழுத்து பதினெட்டு. நான் விரலை நகர்த்துவேன். வேண்டிய இடத்தில் அவள் இமைப்பாள். முதலில் மெய், பிறகு உயிர். ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பாதிச் சொல்லிலேயே நான் ஊகித்துச் சொல்லிவிடுவேன். சரியென்றால் ஒரு முறை இமைப்பாள், தவறென்றால் இரண்டு முறை.

ஒருநாள் இரவு அவள் 'ச்' என்ற இடத்தில் இமைத்தாள். பிறகு 'ஆ'. சா. அதற்கு மேல் என் விரல் நகரவில்லை. அட்டையை வைத்துவிட்டு வெளியே போய் அழுதேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோதும் அவள் கண் அட்டை மேலேயே இருந்தது. அடுத்த எழுத்து 'ய்'. சாய்த்து வை. கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாள், அவ்வளவுதான். கழுத்து வலியோடு கால் மணி நேரம் காத்திருந்திருக்கிறாள்.

நான்கு மாதம் போயிற்று. அப்போது உண்மையாகவே கேட்டாள். "இதை முடிக்க வழி உண்டா." எழுத்துக் கூட்டி முடிக்க அரை மணி நேரம் ஆனது. எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன். முதலிலிருந்து மறுபடியும் கூட்டினாள். மறுபடியும் புரியவில்லை என்றேன். மூன்றாவது முறை சொற்களை மாற்றினாள். "உனக்குப் புரிந்தது."

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சாக நினைக்காதவளின் எழுத்தில் சாவைப் படித்ததும் நான்தான். சாவைக் கேட்டவளிடம் காது கேளாதவனாக நடித்ததும் நான்தான். அன்புதான் காரணம் என்பதால் அது சரியாகிவிடாது.

அவள் கேள்வியை ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் கதவைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் பேசக் கூடாது" என்றார். கெட்ட மனிதர் இல்லை, பயந்துபோனார். தடைச் சட்டம் எங்கே முதலில் கை வைக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அது மரணத்தைத் தடுப்பதற்கு முன்பே பேச்சைத் தடுத்துவிடுகிறது. என்ன பயம், எது தாங்கவில்லை, எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் அல்லவா?

பிறகு வந்த இன்னொரு மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் அட்டையில் பேசினார். மூச்சு முட்டித் துடித்துச் சாவேனோ என்பதுதான் அக்காவின் பயம். மூச்சுத்திணறலை மார்பின் (morphine) என்ற மருந்து தணிக்கும், அந்த நிலை வரவிட மாட்டோம் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அன்று இரவு அவள் தூங்கினாள். இந்தக் கதையைச் சொன்னால், "பார்த்தீர்களா, வேதனையைக் குறைக்கும் நல்ல தணிப்பு சிகிச்சை இருந்தால் போதும், சட்டம் எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவள் சாவைக் கேட்பது குறைந்தது. நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தணிப்பு சிகிச்சை எல்லோருக்கும் கிடைப்பது போலப் பேசுவதும் சரியில்லை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 5.68 கோடிப் பேருக்கு அது தேவைப்படுகிறது, கிடைப்பது ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மார்பின் விலை உயர்ந்த மருந்தே இல்லை. அது கைக்கு எட்டாத இடத்தில் ஒருவர் சாவைக் கேட்டால், அவர் உண்மையில் கேட்பது மார்பினாக இருக்கலாம். ஆகவே இந்தச் சட்டம் வேண்டும் என்பவர்கள் மார்பினுக்காகவும் அதே குரலில் கத்த வேண்டும். நானும் கத்துகிறேன்.

கனடாவில் சூ ராட்ரிகஸ் என்ற பெண்ணுக்கும் அக்காவுக்கு வந்த அதே நோய். 1993-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மருத்துவர் உதவியோடு சாக அனுமதிக்க வேண்டும் என்ற அவர் கோரிக்கையை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிராகரித்தது. அடுத்த ஆண்டு, பெயர் வெளிவராத ஒரு மருத்துவரின் உதவியோடு அவர் இறந்தார். 2015-இல் அதே நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தடை செல்லாது என்றது. தடை இருந்த காலத்திலும் அது நடந்தது. எத்தனை முறை கேட்டார், யாராவது நெருக்கினார்களா என்று பதிவுசெய்யக் கடமைப்பட்ட ஒருவரும் இல்லாமல் நடந்தது. அது மேலான ஏற்பாடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் 1997 முதல் சட்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் இறக்கக்கூடியவர், சுயநினைவோடு, மருந்தைத் தானே அருந்த வேண்டும். மருந்து எழுதி வாங்குபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதை அருந்துவதே இல்லை. கையில் இருக்கிறது என்ற தைரியத்திலேயே மிச்ச நாட்களைக் கடந்துவிடுகிறவர்கள் அவர்களில் இருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆனால் அக்கா போன்றவர்களுக்கு அந்தச் சட்டத்திலும் ஒரு பொறி உண்டு. விழுங்க முடியாமல் போகும் முன்பே முடிவெடுக்க வேண்டும், அதாவது இன்னும் கொஞ்ச நாள் வாழ விருப்பம் இருக்கும்போதே. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2019-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் இதை யோசித்திருக்கிறது. நரம்புச் சிதைவு நோய்களுக்கு ஆறு மாதத்தைப் பன்னிரண்டாக்கியது. தானே அருந்த இயலாதவருக்கு மருத்துவர் கொடுக்கலாம் என்றது. மருத்துவர் தானாக இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, நோயாளிதான் முதலில் கேட்க வேண்டும் என்றும் எழுதிவைத்தது.

எதிர்ப்பவர்களின் வாதங்களில் என் தூக்கத்தைக் கெடுப்பது ஒன்றுதான். ஒரேகனில் சாவைக் கேட்பவர்கள் சொல்லும் காரணங்களில் வலியைவிட அதிகமாக வருவது, தன் வாழ்க்கை தன் கையில் இல்லை என்பது. குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டேன் என்பதும் பலர் சொல்வது. சுமை என்று ஒருவரை உணரவைப்பது நோய் மட்டும் அல்ல. படுக்கை விரிப்பை மாற்றும்போது நாம் விடும் பெருமூச்சுக்கும் அதில் பங்கு உண்டு. நானும் விட்டிருக்கிறேன், அவள் காதுபடவே. அதனால்தான் சாவு நெருங்கிவிட்டவர்களோடு இந்தச் சட்டம் நின்றுவிட வேண்டும் என்கிறேன். சாவு அருகில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2021-இல் கனடா எடுத்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. பணமும் துணையும் இல்லாத மாற்றுத்திறனாளிக்குச் சாகும் உரிமையை முதலில் நீட்டுகிற அரசின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

சட்டம் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரேகனில் எழுத்துக் கோரிக்கைக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவராவது உறவினரோ வாரிசோ அல்லாதவராக இருக்க வேண்டும். அது போதாது. நோயாளி கேட்கும்போது அறையில் குடும்பத்தினர் ஒருவரும் இருக்கக் கூடாது. பேச முடியாதவர் என்றால், அட்டையைப் பிடிப்பவர் அவருக்கு உறவே இல்லாதவராக இருக்க வேண்டும். பாதிச் சொல்லில் ஊகிக்காதவராக, கடைசி எழுத்துவரை விரலை நகர்த்துபவராக இருக்க வேண்டும். ஒரு நாளோடு விடாமல், வேறொரு நாளும் வந்து அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அக்காவுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. அவளுக்கு இருந்தது என் கை மட்டும்தான்.